பதினோராவது டேக்

பத்து டேக் முடிந்தும் நடிகைக்குப் பயம் வரவில்லை.

வெளிநாட்டு விமான நிலையம் என்று காட்டுவதற்காக ஒரு வணிக வளாகத்தைப் பிடித்திருந்தோம். கடைகள் திறக்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

பட்டிக்காட்டுக் குடும்பம் ஒன்று வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறது, இதுதான் படம். அப்பா, அம்மா, மாமா, இரண்டு மகள்கள். அம்மா எஸ்கலேட்டரைக் கண்டு மிரண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்னை இழுக்குதே!" என்று அலற வேண்டும். டிரெய்லரே அந்த அலறலை நம்பித்தான்.

புதுப் பையில் டீத்தூள் தண்ணீரைத் தேய்த்து, பட்டிக்காட்டை ஒருவழியாகக் கொண்டுவந்திருந்தார்கள். நடிகையின் தலையில் எண்ணெய் வழிவதைக் கவனிக்க மட்டும் இரண்டு பேர்.

"இன்னும் கொஞ்சம் வெகுளியா," என்று ஒவ்வொரு டேக்குக்கும் சொன்னார் தயாரிப்பாளர். வெகுளி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் நான் உதவி இயக்குநர்.

நல்லவேளையாக, இயக்குநரின் அம்மா படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தார். காட்சியே அவருடையதுதான். ஆறு வருடம் முன்னால் இயக்குநர் வீட்டாரை வெளிநாடு கூட்டிப்போனபோது நிஜமாகவே நடந்தது. அதை நடித்துக் காட்டித்தான் இயக்குநர் தயாரிப்பாளரை மடக்கினார். எங்களிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல அம்மாவின் அலறல் கூடிக்கொண்டே போகும்.

"அம்மா, நீ ஒரு தடவை செஞ்சு காட்டேன். இவங்க பாத்துக்கட்டும்," என்றார் இயக்குநர்.

மானிட்டரைச் சுற்றி எல்லோரும் சிரிக்கத் தயாராக நின்றோம்.

அம்மா கால் வைத்தார். கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. பாதி வழியில் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். மேலே போய், மறுபக்கமாக இறங்கியும் வந்துவிட்டார்.

தயாரிப்பாளருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"எப்பம்மா பழகின?" இயக்குநரின் குரலில் பெருமை துளியும் இல்லை. காட்சி கெட்டதே என்ற பதற்றம்தான்.

"திரும்பி வந்ததுமே. வாரா வாரம் பஸ் ஏறிப் போய், பெரிய கடையில ஏறி ஏறி இறங்கினேன். வாட்ச்மேன்கூடத் திட்டினான். அடுத்த தடவை நீ கூட்டிட்டுப் போறப்ப உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுல்ல?"

அந்த அடுத்த தடவை இதுதான் போலிருக்கிறது.

நடிகைக்குச் சந்தேகம் வந்தது. "அன்னிக்கு உங்க பையன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலையாம்மா?"

"அவன் மேல நின்னு வேற பக்கம் பாத்துட்டு இருந்தான். அவனச் சொல்லாதீங்க. நாலு பேர் பாக்குறாங்கல்ல?"

இயக்குநர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் ஓடவில்லை.

என் கையில் காட்சித் தாள் இருந்தது. அப்பா, அம்மா, மாமா, இரண்டு மகள்கள். எழுதும்போதே கேட்டேன், மகன் ஒருவன் வேண்டாமா என்று. "அவன் வந்தா சிரிப்பு போயிடும்," என்று அன்றைக்கு இயக்குநர் மறுத்துவிட்டார்.

பதினோராவது டேக்கில் நடிகை படிகளைப் பார்க்கவே இல்லை. யாருமில்லாத மேல்தளத்தைப் பார்த்து அலறினார்.

கட் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. தயாரிப்பாளர்தான் வாயைத் திறந்தார்.

"பயமெல்லாம் சரி. சிரிப்பு வரலையே."