நாலு மணி நேரம்

அவசர சிகிச்சைப் பிரிவில், கட்டிலிலிருந்து குதித்து நெற்றியை வீங்க வைத்துக்கொண்ட மகனோடு உட்கார்ந்து அந்தத் தாய் பொருமிக்கொண்டிருந்தாள்.

"ஸ்கேன் வேண்டாமாம். நாலு மணி நேரம் உட்கார வெச்சுப் பார்த்தா போதுமாம். இந்த டாக்டரம்மா பெத்த பிள்ளைன்னா இப்படி விட்டுருவாங்களா?"

பக்கத்து நாற்காலிக்காரர் தன் மகளைக் காட்டினார். அவள் நெற்றியிலும் ஒரு புடைப்பு.

"இவ ஊஞ்சல்ல இடிச்சுக்கிட்டா. இங்கயும் அதே நாலு மணி நேரம்தான்."

"சண்டை போட்டுக் கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே! வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம்."

"எனக்கு உங்க பொறுமை கிடையாது. நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

பையைத் தோளில் மாட்டும்போதே டாக்டர் வந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளின் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வாந்தி இல்ல, மயக்கம் இல்ல. ரெண்டும் நல்லா இருக்குதுங்க. இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துட்டு அனுப்பிடலாம்."

சிறுமி டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நீயும் எங்களோட வீட்டுக்கு வருவியா?"

"வர்றேன்டி செல்லம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள் பையனின் அம்மா. பிறகு பக்கத்து நாற்காலிப் பக்கம் குனிந்தாள்.

"வீட்டுலயும் இப்படித்தான் உட்கார வெச்சிருவாங்களா?"

"வீட்டுலன்னா நாலு மணி நேரத்தோட விட மாட்டாங்க!"