மூன்றாவது குண்டு

இரண்டாவது குண்டும் நேரே மார்பில் பட்டது.

விண்ணென்று தெறித்தது வலி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோலிக்குண்டு அளவு ரப்பர்தான், ஆளைக் கொல்லாது. ஆனால் அது அவள்மேல் பட்டிருக்கவே கூடாது.

உடம்பில் போட்டிருந்த சட்டை அதைத் தடுத்திருக்க வேண்டும்.

காகிதத்தில் அதற்கு உயிர்க்கவசம் என்று பெரிய பெயர். வேலை செய்கிறவர்கள் ஒருத்தரும் அப்படிச் சொல்வதில்லை, சட்டை என்பார்கள். கழுத்திலிருந்து தொடைவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெதுவெதுப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். குண்டு எங்கே வருகிறதோ அங்கே தன் சதையையெல்லாம் திரட்டிக்கொண்டு ஓடும். கல்லாக இறுகும்.

புதுச் சட்டைக்கு இதெல்லாம் தெரியாது. தினம் எட்டு மணி நேரம், ஆறு மாதம், ஒருவர் உடம்போடு ஒட்டிக் கிடந்து பழக வேண்டும். பதறும்போது அவர் கை எங்கே போகிறதோ அதைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்ளும். பிறகு எல்லையில் நிற்கும் யார் பெற்ற பிள்ளைக்கோ போகும்.

அவள் ஏழு வருடமாகச் சட்டை பழக்குகிறாள். இது பதினான்காவது. இதுவரை ஒன்றுகூடத் தவறியதில்லை.

"உன் சட்டைக்கு வயித்து வலியா என்ன?" என்றாள் எதிரே துப்பாக்கியோடு நின்றவள்.

யாரும் சிரிக்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. மார்பில் வெங்காயத்தோல் மாதிரி மெலிந்துபோன சட்டை, மொத்தமாக வயிற்றில் வந்து திரண்டு கிடந்தது.

இந்தச் சோதனையில் மூன்றாவதும் தவறினால் சட்டைக்கு உப்புத் தொட்டிதான்.

கூடத்தின் மூலையில் மூடி போட்டு இருக்கிறது. தவறிய சட்டையைப் பழக்கியவரேதான் கொண்டுபோய் அதில் இறக்க வேண்டும், வேறு ஆள் கைக்கு அது வராது. சுருங்கி அடங்கப் பத்து நிமிடம் பிடிக்கும். சத்தம் போடக்கூடத் தெரியாத ஜீவன். மற்றவர்கள் தங்கள் சட்டையை இறக்கும்போதெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருக்கிறாள்.

'மேலே ஏறு தங்கம், மேலே ஏறு,' என்று உதடு அசையாமல் கெஞ்சினாள்.

மூன்றாவது குண்டு வந்தது.

அடி பட்டது மார்பில். அவள் கை போனது வயிற்றுக்கு.

அதைப் பெருவிரல் பார்த்துவிட்டார். அவர்தான் பரிசோதகர். இருபது வருடமாக மீட்டரை ஒரு பொருட்டாக மதிக்காமல், கட்டை விரலால் அழுத்தியே தடிமன் சொல்கிறவர், அதனால் அந்தப் பெயர். எழுந்து வந்தார். தோளில் அழுத்தினார், விலாவில் அழுத்தினார். வயிற்றில் அழுத்தியபோது விரல் துளிகூட இறங்கவில்லை.

மற்றவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கூடம் காலியானதும் கேட்டார்.

"எத்தனை மாசம்மா?"

அவள் மூலையில் இருந்த தொட்டியைப் பார்த்தாள்.

பிள்ளைத்தாய்ச்சி பழக்கிய சட்டை வயிற்றைத்தான் காக்கும். அது சட்டையின் குற்றமில்லை என்று விதியிலேயே இருக்கிறது. பிரசவம் ஆகும்வரை அவள் பெயரிலேயே விட்டு வைப்பார்கள், அப்புறம் மறுபடி பழக்கிக்கொள்ளலாம். உப்புத் தொட்டியெல்லாம், காரணம் இல்லாமல் வயிற்றில் போய்க் குவிகிற சட்டைக்குத்தான்.

"அஞ்சு முடியப் போகுது சார்."

கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

பெருவிரலுக்கு முகமே மாறிவிட்டது. "அஞ்சு மாசத்தை வச்சுக்கிட்டா மூணு குண்டு வாங்கினே? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னம்மா?" திட்டத்தான் ஆரம்பித்தார், குரல் ஒத்துழைக்கவில்லை. அட்டையில் 'தவறியது' என்று பாதி எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'நிறுத்தி வைக்கவும்' என்று எழுதினார். "வீட்டுக்குப் போ. படியில பாத்து இறங்கு."

"சரிங்க சார்."

உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்து மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

காய்ச்சல் இல்லை. அந்த மூன்று நாளில் வயிற்றில் இருந்தது போய்விட்டது. அடுத்தது பார்த்துக்கலாம் என்றார் வீட்டுக்காரர். அவள் அம்மாவும் வந்து அதையேதான் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒருத்தரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சட்டை அந்த மூன்று நாளும் இங்கே, இந்த அலமாரியில் கிடந்தது. அதற்கு யாரும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்துப் பெருவிரல் வந்து, பையனா பெண்ணா என்று கேட்பார். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சட்டையைக் கழற்ற வேண்டும். வயிற்றில் இருந்த கையை எடுத்தாள்.

சட்டை நகரவில்லை. வெதுவெதுப்பாக, இறுகிப்போய், அங்கேயே காவல் இருந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையை மறுபடி அதன்மேலேயே வைத்துக்கொண்டாள்.