பதினோராம் நம்பர் யாமினி

க்ளெனுக்கு மாடு கறக்கத் தெரியாது. மாடு எந்தக் காலால் உதைக்கும் என்பதுகூட ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. ஆனால் மாட்டுப் பதிவேட்டைக் கையில் கொடுத்தால் ஆள் கில்லாடி. எது எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, எப்போது சினை, எப்போது ஊசி என்று பண்ணை பண்ணையாகப் போய்ப் பதிவேடுகளை டேப்லெட்டில் ஏற்றிக் கொடுக்கும் உத்தியோகத்தில் நாலு வருஷம் இருந்தவன்.

அந்த உத்தியோகம் போய் இரண்டு மாதம் ஆகிறது. பெங்களூர் ஈஜிபுரா வீட்டில் மனைவி சோனியாவுக்கு விஷயம் தெரியாது. தினமும் பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். ஏதாவது ஒரு பூங்காவில் உட்கார்ந்து, அவள் கட்டிக் கொடுத்த டிபனைத் தின்றுவிட்டு, மாலையில் களைத்தவன் மாதிரி திரும்புவான். அவளுக்குத் தெரிவதற்குள் வேறு வேலை பிடித்துவிட வேண்டும்.

ஓசூரில் புதுப் பண்ணை போட்டிருந்த இராஜமாணிக்கம்தான் ஒரு வழி சொன்னார்.

"இருபது லிட்டருக்குக் கொறையாம கறக்கற மாடு ஒண்ணு கொண்டா. எங்கேர்ந்துன்னு கேக்க மாட்டேன். மறுநாளே நீதான் பண்ணைக்கு மேனேஜர்."

அப்படித்தான் ஆனேக்கல்லைத் தாண்டி ஆரோக்கியமேரியின் தொழுவத்துக்கு வந்து சேர்ந்தான். கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறிய அம்மாள். பதினான்கு மாடுகள். அடையாள அட்டையைப் பார்த்ததுமே காபி வந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுப்பியா? நல்லதாப் போச்சு கண்ணு. நோட்டு எழுதி எழுதி பேஜாராப் போச்சு."

ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம். சாணி ஒட்டிய விரல் தடம், பால் சிந்திய கறை, அடித்துத் திருத்திய எண்கள். எட்டு லிட்டர், ஒன்பது லிட்டர். மடிவீக்கம், ஊசி போட்டதால் ஐந்து நாள் பால் ஊற்றவில்லை. பதினோராம் பக்கம் மட்டும் பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டு போலப் பளிச்சென்று இருந்தது. காலை பதின்மூன்று, மாலை ஒன்பது. கொழுப்பு நாலரை. நோய் நொடி ஒன்றும் கிடையாது. க்ளெனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"இந்தப் பதினொண்ணு எது ஆன்ட்டி?"

"அதோ நிக்கிறாளே, யாமினி."

கறுப்பும் வெள்ளையுமாக, கொழுகொழுவென்று, எண்ணெய் தடவினாற்போல மினுமினுத்துக்கொண்டு நின்றது அந்தப் பசு. காதில் ஓட்டை மட்டும் இருந்தது. நம்பர் போட்ட மஞ்சள் வில்லையைக் காணோம்.

"போன வாரம் அறுந்து விழுந்துடுச்சுப்பா. வேற போடணும்."

நம்பர் பிளேட் இல்லாத வண்டி. க்ளென் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டான்.

"ஜாக்கிரதையாப் பாத்துக்குங்க ஆன்ட்டி. எப்பவும் ஆள் இருக்கும் இல்ல?"

"வியாழக்கிழமை காலையில மட்டும் இருக்காது. விவேக் நகர் குழந்தை ஏசு கோயில் நொவேனா ஜெபத்துக்கு எல்லாருமே போயிடுவோம். கேட்டுப் பூட்டு வேற ரிப்பேரு, சும்மா சாத்திட்டுத்தான் போறோம். உன் நம்பர் குடு, ஏதாச்சும் சந்தேகம்னா கூப்பிடறேன்."

நாலு வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொந்த நம்பரைச் சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இரவல் வாங்கிய சின்ன யானை லோடு வண்டியில் யாமினியை ஏற்றினான். கயிற்றைப் பிடித்ததும் பிறந்த வீட்டுக்குப் போகிறவள் போலக் கூடவே வந்தாள். கேட்டைப் பழையபடி சாத்திவிட்டுக் கிளம்பினான். இந்நேரம் அந்த அம்மாள் மாடு கன்றுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது உண்மையிலேயே பாவமாக இருந்தது. கூடவே சோனியாவின் முகமும் ஞாபகம் வந்ததால் வண்டியைத் திருப்பவில்லை.

ஓசூரில் இராஜமாணிக்கம் பசுவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து காம்பை இழுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை.

"எவன்யா இருபது லிட்டர்னு சொன்னது?"

"இருபத்திரண்டு சார். நோட்டுல எழுதியிருக்கு."

"அப்ப நோட்டைக் கறந்து குடி. நல்லாக் கறக்கற மாட்டுக்கு இடுப்பெலும்பு தெரியும்யா. இது கறவை வத்தி ரெண்டு வருஷம் இருக்கும். இனிமே சினையும் பிடிக்காது. திங்கறது மட்டும் கறவை மாட்டுக்குச் சமமாத் தின்னும். உங்க கர்நாடகாவுல அடிமாட்டுக்கு விக்கச் சட்டம் விடாது. சும்மா குடுத்தாலும் வாங்க ஆள் கெடையாது. ஓட்டிக்கினு போ."

மேனேஜர் வேலை அதோடு போயிற்று. க்ளென் யாமினியைத் திரும்ப வண்டியில் ஏற்றினான்.

வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு அதன் பின்படியில் உட்கார்ந்தான். திரும்பக் கொண்டுபோய்க் கட்டினால் மாட்டிக்கொள்வான். நடுரோட்டில் அவிழ்த்துவிட்டால் ஊர் கூடிவிடும். ஈஜிபுராவில் இருப்பது ஒற்றை அறை, அதுவும் இரண்டாவது மாடி. யாமினி பின்னாலிருந்து எட்டி அவனுடைய டிபன் பையை முகர்ந்தாள்.

அப்போது போன் அடித்தது. ஆரோக்கியமேரி. எடுக்காவிட்டால் சந்தேகம் வரும். எடுத்தான்.

"கோயில்லேர்ந்து இப்பத்தான் வந்தோம் தம்பி. யாமினியைக் காணோம்" என்றார் அந்த அம்மாள் நிதானமாக.

"ஐயையோ. போலீஸ்ல சொல்லிட்டீங்களா ஆன்ட்டி?"

"அதெல்லாம் எதுக்குப்பா, நோட்டுல இன்னும் ரெண்டு பக்கம் சுத்தமா எழுதி வெச்சிருக்கேன், அடுத்த வியாழக்கிழமையும் நாங்க நொவேனாவுக்குப் போறோம்."