ஒற்றை விளக்குச் சட்டம்

ஏழரை மணிக்கு விசில் ஊதியது.

பஸ்ஸில் இல்லை, வீட்டில். வேலை முடிந்து வந்தால் கண்டக்டர் சட்டையைக் கழற்றுவார், பையைக் கழற்றுவார், விசிலை மட்டும் கழற்ற மாட்டார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. நடுவுல எடம் இருக்கு!"

எல்லா அறைகளிலும் விளக்கு அணைந்தது. இனி பத்து மணி வரை கூடத்தில் ஒரே விளக்கு, ஒரே மின்விசிறி. மொத்தக் குடும்பமும் அதற்கடியில்தான். சமையல் முடியும்வரை அடுக்களையில் ஒரு மங்கல் விளக்குக்கு மட்டும் விலக்கு. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க அவர் போட்ட சட்டம் இது. நாலு மாதமாக நடக்கிறது.

பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் மகள் பல்லைக் கடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கல்லூரிக்குப் போகும் மகன் புத்தகத்தோடு வந்தான். கண்டக்டரின் அப்பா ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் பழைய இடத்தை யாரும் பிடிப்பதற்குள் பிடித்தார்.

கண்டக்டரின் மனைவி மட்டும் உட்காரவில்லை. அடுக்களை வாசலில் நின்று கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடையில் பகல் முழுக்கப் பில் போடுகிறவள் அவள். ஊரார் பில்லெல்லாம் அவள் கையால்தான் போகிறது. சொந்த வீட்டுக் கரண்ட் பில்லை மட்டும் நாலு மாதமாகக் கண்ணால் கண்டதில்லை. வாடகையும் பில்லும் அவர் பொறுப்பு. "ஆஹா, இந்த மாசம் நல்லா கொறைஞ்சிருக்கு" என்பார், அவ்வளவுதான். மிச்சமான காசில் வாங்கியது என்று தினமும் ஒரு பொட்டலம் வறுத்த கடலையை நடுவில் கொட்டுவார்.

மனுஷன் முன்பெல்லாம் இப்படி இல்லை. பழைய வீடு ஒரே அறை, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு இருந்தார்கள். இங்கே வந்ததும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு. முதல் மாதமே அவள் பாத்திரம் கழுவியபடி, "இது வீடா, லாட்ஜா? தட்டு மட்டுந்தான் வெளிய வருது, மொகத்தையே காணோம்" என்று புலம்பினாள். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அடுத்த வாரம்தான் பில், பில் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அதே சமயத்தில் வயிறு சரியில்லை என்று மத்தியான டீயையும் விட்டுவிட்டார்.

எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆளாகிவிட்டாரே என்று அவளுக்கு ஒரே வெறுப்பு. பூனைக்கு யாராவது மணி கட்டித்தானே ஆகவேண்டும்?

"மேல போய் வீட்டுக்காரம்மாகிட்ட பில்லை வாங்கிட்டு வரேன். என்னத்த மிச்சம் பிடிச்சாருன்னு இன்னைக்கே தெரிஞ்சிடும். ஒண்ணும் இல்லேன்னா, நாளைலேர்ந்து அவங்கவங்க ரூம்ல அவங்கவங்க லைட்டு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். கண்டக்டர் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப எதுக்கு? காலைல பாத்துக்கலாமே" என்று இழுத்தார். அவள் அதற்குள் படியேறிவிட்டாள்.

வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னம்மா பில்லு? கரண்டும் சேத்துத்தானே வாடகை! மொத நாளே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேனே. நாலு லைட்டு போட்டாலும் அதேதான், நாப்பது போட்டாலும் அதேதான். நீங்க இருட்டுல உக்காந்திருக்கறத பாத்து ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன்."

அவள் படியில் பாதி இறங்கி நின்றுவிட்டாள்.

கோபம் வந்தது. நாலு மாதம் அடுக்களையில் அரையிருட்டில் வெந்ததை நினைத்தால் வராமல் என்ன செய்யும்? உள்ளே போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று அடுத்த படியில் கால் வைத்தாள்.

ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. மகன் அப்பாவைப் போலவே குரல் மாற்றி, "படியில நிக்காதீங்க" என்கிறான். மகள் சிரித்துச் சிரித்து விக்கலெடுக்கிறாள். மாமனார் ரேடியோவை நிறுத்திவிட்டு, "என்னடா சொன்னான், எனக்கும் சொல்லுங்கடா" என்று கெஞ்சுகிறார். கடலையில் பங்கு கேட்டு ஒரு சண்டை வேறு.

ஐயோ, இதை நாலு மாதமாகத் தினமும் கேட்டுக்கொண்டுதானே அலுத்துக்கொண்டாள்!

கடலை வாங்கிய காசு எந்தக் காசு என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. முந்தானையால் இரண்டையும் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னம்மா, ஜெயிச்சாச்சா?" என்று பிள்ளைகள் எழுந்தே விட்டார்கள்.

கண்டக்டர் அவளைப் பார்க்கவில்லை. செக்கிங் ஏறின பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பில்லைப் பாத்துட்டேன்" என்றாள். "அடேயப்பா, எகிறிப்போய்க் கெடக்கு. இனிமே ஏழரை இல்ல. ஏழு மணிக்கே விசில்."

பிள்ளைகள் "ஐயோ!" என்று அலறினார்கள். அவள் அடுக்களை விளக்கைத் தானே அணைத்துவிட்டு வந்தாள். கூடத்தில் உட்கார இடமே இல்லை. அவரை முழங்கையால் இடித்து, "நகருங்க, உள்ள எடம் இருக்குல்ல" என்று பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள்.

பிறகு யார் காதிலும் விழாமல் சொன்னாள்:

"நாளைலேர்ந்து டீ குடிங்க. கடலைக்கு நான் தரேன்."