இன்னொரு தட்டு

இந்த வருடம் டென்சில் கேலி செய்யவில்லை. கெரென்சா அவனை இரண்டுமுறை திரும்பிப் பார்த்தாள்.

மற்ற வருடங்களில், மேஜையில் இறந்தவர்களுக்கான தட்டை அவள் வைக்கும்போதே கணவன் ஆரம்பித்துவிடுவான்.

"உங்கம்மாவுக்கு உப்பைக் கம்மியா போடு. பிரஷர் இருக்கு."

"செத்தவங்களுக்கு ஏது பிரஷர்? நீ வாயை மூடு, அது போதும்" என்பாள் அவள்.

அதோடு பேச்சு முடிந்துவிடும். மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது.

அந்த விதியைப் போட்டவள் அவள்தான். எல்லாமே அவளாகப் போட்டுக்கொண்டவை. சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டு, பழைய தெய்வங்களையும் பருவங்களையும் கும்பிடத் தொடங்கியபோது சொல்லித்தர யாருமில்லை. வீட்டில் இருந்ததை வைத்தே தொடங்கினாள். பிப்ரவரி பிறந்ததும் வாசற்படியில் ஒரு கிண்ணம் பால் வைப்பாள். பக்கத்து வீட்டுப் பூனை குடித்துவிடும், அதுவும் படையலில் சேர்த்திதான். கோடையின் நீண்ட பகலன்று விடியலில் வெறுங்காலோடு புல்லில் நின்று டீ குடிப்பாள். பிறகு குளித்துவிட்டு, பல் டாக்டர் கிளினிக்கில் தன் வரவேற்பு மேஜைக்குப் போய்விடுவாள்.

அக்டோபரின் கடைசி நாள், அவர்கள் ஊரான பென்சான்ஸில் பிள்ளைகளெல்லாம் பேய் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய்க்கு வரும் மாலையில், இந்தச் சாப்பாடு.

இறந்தவர்களுக்கு ஒரே தட்டு. அம்மாவும் மாமனாரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்பாள்.

காலிங் பெல் அடித்தது. ஓடினாள்.

எலும்புக்கூடு வரைந்த சட்டையில் இரண்டு பொடிசுகள். கையில் மிட்டாயை வைத்துவிட்டு, அவர்கள் தலைக்கு மேலாகத் தெருவை ஒருமுறை பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

எப்போதும் மிட்டாய்க் கிண்ணத்தை வாசலில் வைத்து, பெல்லை அணைத்துவிடுவாள். இந்த வருடம் கிண்ணம் உள்ளேயே இருந்தது. பெல் அடித்தபோதெல்லாம் அவளே போய்த் திறந்தாள்.

திரும்பி வந்தபோது மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. டென்சில் ஏற்றியிருந்தான். இத்தனை வருடத்தில் அவன் அந்தத் தீப்பெட்டியைத் தொட்டதே இல்லை.

மேஜையின் கோடியில், இறந்தவர்களின் தட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு தட்டு இருந்தது.

யாருக்கு?

கேட்க முடியாது. உட்கார்ந்து முள்கரண்டியை எடுத்தாள்.

ட்ரூரோவில் இருக்கும் அவன் சித்தப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் போன் வந்திருக்கும். பஸ் டிப்போவில் அவனோடு வேலை பார்த்து, இதய ஆபரேஷனுக்குப் போனவரோ? நேற்றுகூடத் தேறிவிட்டார் என்றானே.

டென்சில் அவளைப் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டேயிருந்தான். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அவள் மறுபடி அந்தத் தட்டைப் பார்த்தாள். கோழியின் கால் துண்டுகள் இரண்டும் அதில்தான் இருந்தன. குழம்பு மேலே ஊற்றாமல் ஒரு சின்னக் கோப்பையில் தனியாக இருந்தது. பட்டாணி ஒன்றுகூட இல்லை.

இந்த வீட்டில் பட்டாணி தொடாதவன் ஒருவன்தான்.

ஜோரி. அவர்களுடைய மகன். ஜூன் மாதம் பிரிஸ்டலில் தன் அறையைக் காலி செய்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எங்கோ போனவன். அன்றிலிருந்து போன் அணைந்தே கிடக்கிறது. வயது வந்தவர், அவர் இஷ்டத்துக்குப் போயிருக்கலாம் என்றார்கள் போலீஸில். அவ்வளவுதான். அதற்குமேல் நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை.

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஒருமுறையாவது என்னோடு சேர்ந்து செய்யேன் என்று எத்தனை வருடம் டென்சிலைக் கெஞ்சியிருப்பாள். இன்று செய்திருக்கிறான். அவள் சொல்லித் தந்தபடியே, ஒரு பிசகும் இல்லாமல்.

மெழுகுவத்தி எரியும்போது யாருக்குத் தட்டு வைக்கிறோமோ, அவர்கள் இறந்தவர்கள் இருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள். இதுவும் அவள் விதிதான். ஏதோ ஒரு மழைநாளில், துணி மடித்துக்கொண்டே யோசித்து வைத்தது. இன்று அவளே அதை நம்பினாள்.

தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அப்போதுதான் டென்சிலின் முகத்தைப் பார்த்தாள். தாடையெல்லாம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. காத்திருந்து அலுத்த மனிதனின் முகம் அது. எந்த முடிவாக இருந்தாலும் சரி, ஒரு முடிவு வேண்டும் அவனுக்கு.

கெரென்சா எழுந்தாள்.

கோடிக்குப் போய் அந்தத் தட்டை மட்டும் எடுத்தாள். குழம்புக் கோப்பையையும் எடுத்துக்கொண்டாள். அடுக்களையில் அலுமினியத் தாளைக் கிழித்து இரண்டையும் மூடினாள். விளிம்புகளை அழுத்தி மடித்தாள். ஓவனைத் திறந்து உள்ளே வைத்து, சூட்டை ஏற்றினாள்.

மெழுகுவத்தி இன்னும் பாதிகூடக் கரையவில்லை.

"அவன் வர லேட்டாகும்போல" என்றாள்.

அவள் குரல் அந்த அறையில் சத்தமாகக் கேட்டது. டென்சில் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். ஓவனைப் பார்த்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சூட்டைக் குறைச்சு வை" என்றான். "காஞ்சு போயிடும்."