முதலில் ஏறியவர்

எல்லாரும் சுகந்தானே? முழங்கால் வலி, மழைக்காலச் சளி ஒன்றும் இல்லையே? சரி, என்னோடு மூன்றாம் நம்பர் மேசைக்கு வாருங்கள்.

பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மகால். தலித் பத்திரிகையாளர்கள் வருடா வருடம் கூடுகிற மாநாடு. மாடியில் பேச்சு. கீழே பந்தி போடுகிற கூடத்தில் வேலைவாய்ப்பு முகாம். சாப்பாட்டு மேசைகளிலேயே பத்திரிகைக்காரர்களும் டிவிக்காரர்களும் ஆள் எடுக்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் மேசைக்கு முன்னால் என் மகள் நாகஜோதி. பக்கத்து நாற்காலியில் நான்.

மூன்று வருடமாக அவள் பகுதிநேர நிருபர். அடையாள அட்டை கிடையாது. சொந்த ஸ்கூட்டி, சொந்தப் பெட்ரோல். இந்த முகாமுக்கு ஏற்கனவே இரண்டு தடவை வந்து, "சொல்லி அனுப்புறோம்" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறாள்.

இந்த மேசையில் இருந்தது முழுநேர வேலை. ஒரே ஓர் இடம்.

"இந்த வருசம் வாங்காம எந்திரிக்க மாட்டேன்" என்று ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டாள். எனக்கும் ஓர் உத்தரவு.

"ம்மா, உள்ள போயி வாயத் தொறந்தேன்னு வையி, அம்புட்டுத்தான். நீ ஆரம்பிச்சா என் இண்டர்வியூ ஒன் இண்டர்வியூ ஆயிரும்."

சத்தியமே வாங்கிக்கொண்டாள். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாததா?

எதிரில் பத்திரிகை ஆசிரியர் ஜெயபாண்டி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவள் ஃபைலில் வெட்டி ஒட்டியிருந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நல்ல மனிதர்தான், சும்மா புரட்டவில்லை. கண்மாய் மடை உடைந்தது, சத்துணவில் முட்டை வராமல் போனது எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

அது எங்கள் ஊர்க் கோயில் செய்தி.

எங்கள் தெருக்காரர்கள் யாரும் அந்தக் கோயில் படியில் கால் வைத்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதிகாரிகள் வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் போலீஸ் நின்றது. அப்படியும் பத்து நிமிடம் ஒருவரும் அசையவில்லை.

'அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் படியேறினார்' என்று நாகஜோதி எழுதியிருந்தாள். பேர் போடவில்லை. அவள் போனில் எடுத்த படத்திலும் முகம் இல்லை.

"மத்த பேப்பர்ல எல்லாம் தாசில்தார் கூட்டிட்டுப் போனாருன்னு இருக்கு. நீ மட்டும் ஒரு பொம்பள தானா ஏறுனாகங்குற. யாரும்மா அது?"

"பேரு சொல்ல முடியாது சார். வெளியூருக்குத் தெரிஞ்சா சுத்துப்பட்டியில அவுகள ஒரு தோட்டத்துலயும் வேலைக்குக் கூப்பிட மாட்டாக. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"பேப்பர்ல போட வேணாம், என்கிட்டச் சொல்லு. ஆசிரியர்ட்ட மறைக்கக் கூடாது. அதான் தொழில் வழக்கம்."

"நீங்க இன்னும் என் ஆசிரியர் ஆகலையே சார்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். ஜெயபாண்டியும் சிரித்தார். ஆனால் விரலால் அந்தப் படத்தைத் தட்டினார்.

"வாய் இருக்கு ஒனக்கு. ஆனா இதுல என்ன இருக்கு? வலது தோள் எறங்குன ஒரு முதுகு. கதை கட்டிட்டான்னு நாளைக்கு எவனாச்சும் சொன்னா நான் என்னத்தச் சொல்ல? சரிப்பட்டு வராதும்மா."

ஃபைலை மூடி அவள் பக்கம் தள்ளினார். வரிசையில் அடுத்து நின்றவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

நாகஜோதி எழுந்திருக்கவில்லை. ஃபைலைத் திறந்தாள். அதே பக்கத்தை மறுபடியும் அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"எழுதுனது நடந்தது சார்."

என் பக்கம் திரும்பவில்லை.

ஓரக்கண்ணால் ஒரு தடவை என்னைப் பார்த்திருந்தால் போதும், அவளுக்கு வேலை கிடைத்திருக்கும். பார்க்கவில்லை.

நானும் வாயைத் திறக்கவில்லை.

எழுந்தேன். தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். ஜெயபாண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து இறங்கிப்போன வலது தோள். அதை நிமிர்த்தாமல் அப்படியே விட்டேன்.

கூடம் முழுக்க என் எதிரில் இருந்தது. அத்தனை பேரும் செய்திக்காரர்கள். அத்தனை கையிலும் போன்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஜெயபாண்டி எழுந்து நிற்கிறார் போல.

"அம்மா... உக்காருங்கம்மா."

நான் உட்காரவில்லை. முதலில் அந்த ஓர் இடத்துக்கு அவள் பேரை எழுதட்டும்.

உங்களிடமும் பேர் போடாத படம் ஒன்று இருக்கும். அதில் இருப்பது யார் என்று எனக்கு எழுதுங்கள்.