பதினேழாம் மாடி மண்

வீட்டுக்கு ஒரு மண்தொட்டி; தினம் அதில் கை வைத்தால், வைத்தவரின் உடம்பு பாக்டீரியா மண்ணில் வளர்ந்து அவர் உடம்பைத் தேற்றும். வைத்தியம் என்றால் இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். மண் பரிசோதகர் ரெஜினா, பதினேழாம் மாடியில் தனியாக இருக்கும் தணிகாசலத்தின் தொட்டியில் கருவியைக் குத்திப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"தினம் அரை மணி நேரம் மண்ணுல கை வைக்கிறீங்களா சார்?"

"வைக்கிறேனே."

"பொய் சொல்லாதீங்க. உங்க உடம்பு பாக்டீரியா ஒண்ணுகூட இதுல இல்ல. வயிறு ஏன் இப்படிக் கெட்டுக் கெடக்குன்னு இப்பத்தான் புரியுது. இதுல இருக்கறதெல்லாம் யாரோ ஒரு பொம்பளையோடது."

"செண்பகம். என் சம்சாரம். போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சு."

ரெஜினா கருவியை மெல்ல உருவினாள்.

"நீங்க கை வைக்கலன்னா உங்க உடம்பு தேறாது சார். வச்சா ஒரே மாசத்துல அவங்களோடது அழிஞ்சிடும்."

"தெரியும்மா. அதனாலதான் வைக்கல."

"அடுத்த மாசம் நான் வரும்போது உங்க கை பட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் லிஃப்டுக்கு நடந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டே தணிகாசலம் தொட்டியருகே உட்கார்ந்தார். மண் இறுகிப்போயிருந்தது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். பிறகு ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு, செண்பகம் கிளறுவதுபோலவே ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறிவிட்டார்.